லினக்ஸில் பழைய கேம்களுக்கு பேட் அமைப்பது: கீழிருந்து மேலே

எமுலேட்டரை (பழைய கேம் இயந்திரம் போல நடிக்கும் நிரல்) திறந்து, பேடின் (கேம் கண்ட்ரோலர்) பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பதிவு செய்கிறோம். கேமுக்குள் போனால் தாவ வேண்டிய பட்டனில் சுடுகிறது. பேடைக் கழற்றி மாட்டினால் அந்த அமைப்பும் காணாமல் போகிறது. இந்த இடத்தில் சிக்குபவர்களில் பலர் அதே எமுலேட்டர் மெனுவைத்தான் திரும்பத் திரும்பக் கிண்டிக்கொண்டிருப்பார்கள். கோளாறு பல நேரம் அங்கே இருப்பதே இல்லை. பேடில் அழுத்தும் ஒரு பட்டன் கேமைச் சேர்வதற்குள் பல கை மாறுகிறது: முதலில் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர், பிறகு யூடெவ் (சாதனங்களுக்குப் பெயரும் அனுமதியும் கொடுப்பது), அதன்பின் எஸ்டிஎல் (கேம் நிரல்கள் பேடைப் படிக்க உதவும் பொது நூலகம்) அல்லது எமுலேட்டரின் சொந்த இன்புட் டிரைவர், பிறகு எமுலேட்டரின் பட்டன் அட்டவணை, கடைசியாக எமுலேட்டருக்குள் இருக்கும் பாவனை பேட். எந்தக் கையில் பிசகியது என்று பார்க்காமல் மேலே ஒட்டுப் போட்டால், அடுத்த அப்டேட்டில் ஒட்டு பிய்ந்துவிடும். அதனால் கீழிருந்து மேலே போவோம்.

கட்டளை, கோப்புப் பெயர்களை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கர்னலுக்குத் தெரிகிறதா?

ஜர்னல்சிடிஎல் கட்டளையை -கே -எஃப் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓடவிட்டு, பிறகு பேடைச் செருகுங்கள். புதிய யூஎஸ்பி சாதனம் வந்ததாகச் சில வரிகளும், அதையடுத்து 'இன்புட்:' என்று தொடங்கும் ஒரு வரியும் வர வேண்டும்.

ஒரு வரியும் வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் செய்வதற்கு மட்டுமான கேபிள்களில் டேட்டா கம்பிகளே இருக்காது. பேடில் விளக்கு எரிவதைப் பார்த்து கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். மாட்டியுள்ள யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையின் பட்டியலில் சாதனம் இருந்து, 'இன்புட்:' வரி மட்டும் வரவில்லை என்றால் டிரைவர் ஒட்டிக்கொள்ளவில்லை என்று பொருள்.

டிரைவர்கள் பெரும்பாலும் கர்னலோடேயே வந்துவிடுகின்றன. கம்பி வழி எக்ஸ்பாக்ஸ் பேடுகளுக்கும் எக்ஸ்இன்புட் (எக்ஸ்பாக்ஸ் பேடுகளின் மொழி) பேசும் மற்ற நிறுவனப் பேடுகளுக்கும் எக்ஸ்பேட். டூயல்சென்ஸுக்கு எச்ஐடி-ப்ளேஸ்டேஷன், இது கர்னல் 5.12இல் வந்தது, 6.2இலிருந்து டூயல்ஷாக் 4ஐயும் இதுவே கவனிக்கிறது. ஸ்விட்ச் ப்ரோ, ஜாய்-கான் ஆகியவற்றுக்கு 5.16இல் வந்த எச்ஐடி-நிண்டெண்டோ. பெயர் தெரியாத யூஎஸ்பி பேடுகள் எல்லாம் எச்ஐடி-ஜெனரிக் கையில் போய்ச் சேரும்.

கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு நன்றாக இருந்த பேட் ஒருநாள் திடீரெனக் குழம்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ஜெனரிக் டிரைவரில் இருந்த பேடைத் தனி டிரைவர் எடுத்துக்கொண்டதும் அதன் பெயரும் பட்டன் எண்களும் மாறிவிடும். எமுலேட்டர் சேமித்து வைத்திருந்த பழைய எண்கள் வேறு பட்டன்களைச் சுட்டத் தொடங்கும். அங்கே பேடும் பழுதில்லை, எமுலேட்டரும் பழுதில்லை. மறுபடி ஒருமுறை பதிவு செய்தால் முடிந்தது.

ஈவ்டெஸ்ட்: பொய் சொல்லாத கருவி

டெபியன், உபுண்டு வகைகளில் ஈவ்டெஸ்ட், ஜாய்ஸ்டிக் என்ற இரண்டு பேக்கேஜ்களை நிறுவிக்கொள்ளுங்கள். பேடிலிருந்து கர்னலுக்கு வரும் செய்திகளை ஈவ்டெஸ்ட் அப்படியே காட்டும். முதலில் அதை சுடோ (நிர்வாகி அனுமதி) இல்லாமல் ஓட்டுங்கள். பட்டியலில் பேட் தெரிந்தால் அனுமதிப் பிரச்சினை இல்லை. சுடோவோடு மட்டும் தெரிந்தால் அனுமதிதான் பிரச்சினை. அதைக் கீழே பார்ப்போம்.

சூப்பர் நிண்டெண்டோ வடிவில் வரும் மலிவான யூஎஸ்பி பேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்எஸ்யூஎஸ்பியில் அதன் எண் 0079:0011 (முதல் பாதி வெண்டர் எண், அடுத்தது ப்ராடக்ட் எண்). ஈவ்டெஸ்ட்டில் அதைத் தேர்ந்தெடுத்ததும் ஏபிஎஸ்_எக்ஸ், ஏபிஎஸ்_ஒய் என்று இரண்டு அச்சுகள் தெரியும்: குறைந்தது 0, அதிகம் 255, ஃப்ளாட் (நடுவே அசைவாகக் கணக்கிடாத அளவு) 15. டி-பேடை (திசைப் பட்டன்) இடப்பக்கம் அழுத்தினால் எக்ஸ் 127இலிருந்து 0க்குப் போகும், வலப்பக்கம் அழுத்தினால் 255. அதாவது இந்தப் பேட் தன் டி-பேடை அனலாக் ஸ்டிக் என்றே கர்னலிடம் சொல்கிறது. பட்டன்களும் பிடிஎன்_ட்ரிகர், பிடிஎன்_தம்ப் என்று 288இல் தொடங்கும், பழைய விமான ஜாய்ஸ்டிக் பட்டன்களின் பெயரில். கேம்பேட் என்று முறையாக அறிவித்துக்கொள்ளும் சாதனங்களுக்கு 304இல், பிடிஎன்_சவுத்தில் தொடங்கும். இந்த மலிவுப் பேடில் 10 பட்டன் இருப்பதாக அறிக்கை சொல்லும், கையில் எண்ணினால் 8தான் இருக்கும். நடுவில் இரண்டு எண்கள் வெறுமனே கிடக்கும்.

எமுலேட்டரின் தானியங்கி அமைப்பு இப்படிப்பட்ட பேடில் தடுமாறுவது இதனால்தான். அது டி-பேடை ஹேட் வடிவில், அதாவது ஏபிஎஸ்_ஹேட்0எக்ஸ் என்ற அச்சில் -1, 0, 1 என்ற மதிப்புகளாக எதிர்பார்க்கிறது. பேடோ ஸ்டிக்காக அனுப்புகிறது. மூன்றாவது வகையும் உண்டு: டி-பேடின் நான்கு திசைகளும் 544 முதல் 547 வரை நான்கு தனிப் பட்டன்களாக வரும். உங்கள் பேட் இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எக்ஸ்பாக்ஸ் பேட் வைத்திருப்பவர்கள் ஈவ்டெஸ்ட்டைப் பார்த்து மிரள்வது ஒரு விஷயத்தில். இடப்பக்கம் இருக்கும் எக்ஸ் பட்டனை அழுத்தினால் பிடிஎன்_நார்த் என்று வரும், மேலே இருக்கும் ஒய் பட்டனுக்கு பிடிஎன்_வெஸ்ட் வரும். திசை மாறியிருக்கிறதே என்று திருத்தப் போகாதீர்கள். கர்னலில் பிடிஎன்_எக்ஸ், பிடிஎன்_நார்த் இரண்டும் ஒரே எண், 307. எக்ஸ்பேட் டிரைவர் எழுத்தைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டது. எஸ்டிஎல், ரெட்ரோஆர்க் (பல எமுலேட்டர்களை ஒரே மெனுவில் தரும் நிரல்) இரண்டுமே இதைக் கணக்கில் எடுத்துத்தான் தங்கள் அட்டவணைகளை வைத்திருக்கின்றன.

ஜேஎஸ்0 பழைய பாதை

ஒரே பேடுக்குக் கர்னல் இரண்டு வாசல் திறக்கிறது: டெவ் இன்புட் கோப்புறையில் ஈவென்ட்5 போன்ற ஒன்று, ஜேஎஸ்0 போன்ற இன்னொன்று. இரண்டாவது பழைய ஜாய்டெவ் இடைமுகம். ஜேஎஸ்கேல் கட்டளையால் ஸ்டிக்கைச் சீர்செய்யச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. அது ஜாய்டெவ் வாசலை மட்டுமே பாதிக்கும். இன்றைய எமுலேட்டர்கள் ஈவ்டெவ் வாசலில் படிப்பவை, அங்கே அதற்கு எந்த விளைவும் இல்லை. ஜேஎஸ்டெஸ்ட்டில் அச்சு நேராக நிற்பதும் கேமுக்குள் நடப்பதும் ஒத்துப்போகாமல் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதிர்வு வசதியும் ஈவ்டெவ் வழியாகத்தான் வேலை செய்யும். ஈவ்டெவ் பக்கம் அச்சின் ஃபஸ் (புறக்கணிக்கும் சிறு நடுக்கம்), டெட்சோன் (ஸ்டிக்கின் நடுவே அசைவாகக் கணக்கிடாத பகுதி) மதிப்புகளை மாற்ற ஈவ்டெவ்-ஜாய்ஸ்டிக் என்ற கட்டளை அதே ஜாய்ஸ்டிக் பேக்கேஜில் இருக்கிறது. பேடைக் கழற்றினால் அந்த மாற்றம் போய்விடும், யூடெவ் விதியில் எழுதினால்தான் நிலைக்கும்.

அனுமதியும் யூடெவ் விதிகளும்

யூடெவ் ஒரு சாதனத்தைப் பார்த்து அது பேட் என்று முடிவு செய்தால் ஐடி_இன்புட்_ஜாய்ஸ்டிக் என்ற குறியை ஒட்டும். அந்தக் குறி இருந்தால், திரையில் லாகின் செய்திருக்கும் பயனருக்குப் படிக்க, எழுத அனுமதி தானாகக் கிடைக்கும். யூடெவ்அட்ம் இன்ஃபோ கட்டளைக்கு ஈவென்ட் கோப்பின் பாதையைக் கொடுத்தால் குறி இருக்கிறதா என்று தெரியும். கெட்எஃபேக்ல் கட்டளை உங்கள் பெயருக்கு அனுமதி வந்ததா என்று காட்டும்.

குறி ஒட்டாத அபூர்வப் பேடுகளும் அடாப்டர்களும் உண்டு. அவற்றை ரெட்ரோஆர்க்கின் யூடெவ் டிரைவர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எட்ஸெட்ரா (etc) கோப்புறைக்குள் யூடெவ், அதற்குள் ரூல்ஸ்.டி இருக்கும். அங்கே ஒரு விதிக் கோப்பை வைத்து, வெண்டர் எண்ணும் ப்ராடக்ட் எண்ணும் பொருந்தினால் அந்தக் குறியின் மதிப்பை 1 ஆக்கச் சொல்லுங்கள். யூஆக்ஸஸ் என்ற டேகையும் சேருங்கள். கோப்பின் பெயர் 73ஐ விடக் குறைந்த எண்ணில் தொடங்க வேண்டும், 70 என்று வைப்பது வழக்கம். அனுமதியைக் கையில் கொடுக்கும் விதி 73ஆம் எண் கோப்பில் இருப்பதால், 99 என்று தொடங்கும் கோப்பில் யூஆக்ஸஸ் எழுதினால் பந்தி முடிந்து இலை போட்ட கதைதான். பிறகு யூடெவ்அட்ம் கண்ட்ரோல் கட்டளைக்கு ரீலோட் கொடுத்து, பேடைக் கழற்றி மாட்டுங்கள்.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. சில கீபோர்டுகளும் மவுஸ்களும் தங்களை ஜாய்ஸ்டிக் என்று அறிவித்துக்கொண்டு முதல் ஆட்டக்காரர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும், உண்மையான பேட் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படும். அந்தச் சாதனத்துக்கு அதே குறியின் மதிப்பை வெறுமையாக்கும் விதி எழுதினால் தீரும்.

பயனரை இன்புட் குழுவில் சேர்த்துவிடு என்ற அறிவுரையை எல்லா இடத்திலும் பார்க்கலாம். வேலை செய்யும்தான். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர் ஓட்டும் எந்த நிரலும் கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் படிக்கலாம். திரையில் யாரும் லாகின் செய்யாமல், இயக்கியதும் நேராக எமுலேட்டருக்குப் போகும் தனிப் பெட்டிக்கு அது ஏற்றது. தினசரி வேலை பார்க்கும் கணினியில் வேண்டாம்.

டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டும் மூன்று ஈவென்ட் கோப்புகளாக வரும்: பேட், அசைவு உணரி, டச்பேட். எமுலேட்டரில் பட்டன் பதிவு செய்யும்போது ஏதோ ஓர் அச்சு தானே பதிவானால், அசைவு உணரியைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். கேம் நடுவே கைபட்டு மவுஸ் அம்புக்குறி ஓடினால் அது டச்பேடின் வேலை. அந்தக் கோப்புக்கு மட்டும் லிப்இன்புட்_இக்னோர்_டிவைஸ் என்ற மதிப்பை 1 ஆக்கும் ஒருவரி விதி போதும்.

ரெட்ரோஆர்க்: எழுத்தை மறந்து இடத்தைப் பாருங்கள்

ரெட்ரோஆர்க்குக்குள் ரெட்ரோபேட் என்று ஒரு கற்பனைப் பேட் இருக்கிறது. அது சூப்பர் நிண்டெண்டோ பேடின் வடிவம்: கீழே பி, வலப்பக்கம் ஏ, இடப்பக்கம் ஒய், மேலே எக்ஸ். உங்கள் பேடை இந்தக் கற்பனைப் பேடோடு பொருத்துவது ஒரு வேலை, கற்பனைப் பேடை ஒவ்வொரு கோரோடும் (ரெட்ரோஆர்க்குக்குள் ஓடும் தனித்தனி எமுலேட்டர்) பொருத்துவது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்.

எக்ஸ்பாக்ஸ் பேடில் ஏ கீழே இருக்கிறது. பதிவு செய்யும்போது ரெட்ரோஆர்க் 'ஏ' என்று கேட்டதும் அந்த ஏ எழுத்தை அழுத்தினால், எல்லாக் கேம்களிலும் கீழும் வலமும் இடம் மாறிவிடும். ரெட்ரோஆர்க் ஏ கேட்டால் வலப்பக்கப் பட்டன், பி கேட்டால் கீழ்ப் பட்டன். பேடின் மேல் எது அச்சிட்டிருந்தாலும் சரி.

வரிசை இது. செட்டிங்ஸ், இன்புட், போர்ட் 1 கண்ட்ரோல்ஸ். அங்கே முதலில் ரீசெட் டு டீஃபால்ட் கண்ட்ரோல்ஸ். பிறகு செட் ஆல் கண்ட்ரோல்ஸ் கொடுத்து, கேட்கும் ஒவ்வொரு பட்டனையும் அழுத்துங்கள். உங்கள் பேடில் இல்லாத பட்டனைக் கேட்டால் எதையும் தொடாமல் சில விநாடி விட்டுவிடுங்கள், தானே அடுத்ததற்குப் போகும். கடைசியில் சேவ் கண்ட்ரோலர் ப்ரொஃபைல். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியை. ப்ரொஃபைலாகச் சேமித்தால் அந்த அமைப்பு அந்தப் பேடுக்கு உரியதாகிறது. சேமிக்காவிட்டால் ரெட்ரோஆர்க்கின் பொது அமைப்புக் கோப்பில், போர்ட் 1 என்ற இடத்துக்கு உரியதாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கையால் பதிவு செய்ததற்குத் தானியங்கி அமைப்பைவிட முன்னுரிமை உண்டு. அதனால் நாளை வேறு பேடை மாட்டினாலும் பழைய பேடின் எண்களே அதன்மேல் ஏறும். புதுப் பேட் கிறுக்குத்தனமாக நடந்தால் முதலில் ரீசெட் கொடுத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

டூயல்ஷாக் வகைப் பேடுகளில் எல்2 அழுத்தினால் ஒரே நேரத்தில் ஒரு பட்டன் செய்தியும் ஓர் அச்சுச் செய்தியும் கிளம்பும். பதிவில் பட்டன் ஏறிவிட்டால் கார் கேம்களில் ஆக்ஸிலரேட்டர் முழுதாகவோ சுத்தமாக இல்லாமலோதான் வேலை செய்யும். சேமித்த ப்ரொஃபைல் கோப்பைத் திறந்து, எல்2 வரியில் பட்டனுக்குப் பதில் அச்சு எண்ணை இடுங்கள்.

அந்தக் கோப்பைக் கையால் எழுதுபவர்களுக்கு இரண்டு கண்ணிகள். வெண்டர், ப்ராடக்ட் எண்களை எல்எஸ்யூஎஸ்பி பதினாறடிமானத்தில் காட்டும், ரெட்ரோஆர்க் பதின்மத்தில் எதிர்பார்க்கும். மேலே சொன்ன 0079:0011 பேடுக்கு 121, 17 என்று எழுத வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 கம்பிப் பேடுக்கு 1118, 654. இரண்டாவது, சில மலிவுப் பேடுகளின் பெயருக்குப் பின்னால் வெற்றிடங்கள் வரிசையாகத் தொங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெற்றிடங்களை விட்டுவிட்டால் பெயர் பொருந்தாது. பட்டன் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கும் விடை எளிது: யூடெவ் டிரைவர், ஈவ்டெஸ்ட்டில் தெரியும் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 0, 1, 2 என்று போட்டுக்கொண்டே போகும். எக்ஸ்பாக்ஸ் பேடில் 304 என்பது 0, 305 என்பது 1, 306 இல்லாததால் 307தான் 2.

ஹாட்கீயில் கவனம் வேண்டும். ஹாட்கீ எனேபிள் என்ற இடத்தில் செலக்ட் பட்டனை வைக்காமல் வெளியேறுவதற்கு ஸ்டார்ட்டை வைத்தால், கேமை நிறுத்திவைக்க ஸ்டார்ட் அழுத்தியதும் எமுலேட்டரே மூடிக்கொள்ளும். செலக்ட்டை வைத்தபின் அந்தப் பட்டன் கேமுக்குப் போய்ச் சேர்வது சில ஃப்ரேம் தாமதமாகலாம். அது ஹாட்கீ டிலே என்ற அமைப்பின் விளைவு, பேட் பழுது அல்ல.

கோர் வாரியாக

ரீமேப் செய்யும் இடம் குவிக் மெனுவுக்குள் இருக்கும் கண்ட்ரோல்ஸ். அங்கே மாற்றியதை, கோர் முழுவதற்குமா ஒரு கேமுக்கு மட்டுமா என்று தேர்ந்து சேமிக்கலாம். போர்ட் 1 கண்ட்ரோல்ஸை ஒரு கேமுக்காக மாற்றாதீர்கள், எல்லாக் கோர்களும் சேர்ந்து ஆடும்.

நெஸ் (நிண்டெண்டோவின் பழைய கேம் இயந்திரம்) கேம்களுக்கு இயல்பு அமைப்பில் கீழ்ப் பட்டன் பி, வலப் பட்டன் ஏ. ஓடிக்கொண்டே தாவும் கேம்களில் கட்டைவிரலைச் சாய்த்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, இடப் பட்டனில் பி, கீழ்ப் பட்டனில் ஏ வைப்பது கைக்கு நன்றாக இருக்கும். என் பரிந்துரை இதுதான். எஃப்சிஇயூஎம்எம் கோரின் ஆப்ஷனில் டர்போவை (பிடித்திருந்தால் தொடர்ந்து அழுத்துவது) இயக்கியிருந்தால் இடப் பட்டனும் மேல் பட்டனும் டர்போ. தொட்டதும் படபடவென்று சுட்டால் காரணம் அது; கோர் ஆப்ஷனில் டர்போவை அணைத்துவிடலாம்.

மெகா டிரைவுக்கு ஜெனஸிஸ் ப்ளஸ் ஜிஎக்ஸ் கோரில் ஏ, பி, சி மூன்றும் இடம், கீழ், வலம் என்று உட்காரும். எக்ஸ், ஒய், இஸட் மூன்றும் எல், மேல் பட்டன், ஆர். ஆறு பட்டன் பேட் வருவதற்கு முன் எழுதப்பட்ட சில கேம்கள் அந்தப் பேடைக் கண்டால் குழம்பும். அப்போது கண்ட்ரோல்ஸ் பகுதியில் டிவைஸ் டைப்பை மூன்று பட்டன் பேடாக மாற்றுங்கள்.

ப்ளேஸ்டேஷனிலும் அதே கதை. டூயல்ஷாக் 1997இல்தான் வந்தது. அதற்கு முந்தைய கேம்கள் சில அனலாக் நிலையில் இருக்கும் பேடைக் கண்டுகொள்ளாது. கேம் ஓடுகிறது, பட்டன் எதுவும் ஏறவில்லை என்றால் டிவைஸ் டைப்பை டிஜிட்டல் பேடாக்கிப் பாருங்கள். மறுபக்கம், அனலாக் தேவைப்படும் கேமில் ஸ்டிக் அசையவில்லை என்றால் டூயல்ஷாக் என்று மாற்ற வேண்டும். டி-பேட் மட்டுமே அறிந்த கேமை ஸ்டிக்கால் ஆட அனலாக் டு டிஜிட்டல் டைப்பை லெஃப்ட் அனலாக் என்று வைத்தால் போதும், பட்டன்களைத் தொட வேண்டாம்.

நின்டெண்டோ 64தான் உண்மையில் மண்டையைக் குடையும் ஒன்று. அதன் ஸ்டிக் ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 அலகு வரைதான் போகும். நிஜமான 64 பேடை அடாப்டர் வழியாக மாட்டினால், அடாப்டர் தன் எல்லை 0 முதல் 255 என்று அறிவித்துவிட்டு 48 முதல் 208 வரை மட்டுமே அனுப்பலாம். எமுலேட்டர் அதைச் சுமார் 62 சதவீத அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும், ஆள் ஓடாமல் நடப்பான். ஈவ்டெஸ்ட்டில் ஸ்டிக்கை முழுதாகத் தள்ளி எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். ம்யூபென்64ப்ளஸ் தனி நிரலில் அனலாக்பீக் மதிப்பு இயல்பாக 32768. ஸ்டிக் எட்டும் உண்மையான அளவுக்கு அதை இறக்கினால் முழு ஓட்டம் கிடைக்கும். 128இல் 80 என்றால் சுமார் 20000. ரெட்ரோஆர்க்கில் அனலாக் சென்ஸிடிவிட்டியை ஏற்றலாம்.

டெட்சோனில் எல்லோரும் விழுகிறார்கள். ரெட்ரோஆர்க்கில் 15 சதவீதம், கோர் ஆப்ஷனில் 15 சதவீதம் என்று இரண்டும் இருந்தால் கிட்டத்தட்ட 28 சதவீதப் பயணம் செத்துவிடும். அதற்கு மேல் கேமுக்குள்ளேயே ஒரு டெட்சோன் இருக்கலாம். துப்பாக்கியைச் சற்றே நகர்த்த முடியாமல் குறி துள்ளுவது இதனால். ஒரே இடத்தில் வையுங்கள், மற்றதை 0 ஆக்குங்கள். எவ்வளவு வைப்பது? ஸ்டிக்கை நாலு திசையிலும் தள்ளித் தள்ளி விட்டுவிட்டு, அது ஓய்ந்து நிற்கும் எண்களைப் பாருங்கள். 0 முதல் 255 அளவில் 121க்கும் 134க்கும் நடுவே நின்றால் விலகல் 7, அதாவது சுமார் 5.5 சதவீதம். 8 வைத்தால் தாராளம்.

ஆர்கேட் கேம்களுக்கான மேம் எமுலேட்டரில், நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்காக எழுதிய கேம்களை எட்டுத் திசை பேடில் ஆடும்போது மூலைகளில் மாட்டிக்கொள்ளும். ஜாய்ஸ்டிக்_மேப் அமைப்பை ஆட்டோவில் விட்டுவிட்டால் கேமுக்கேற்ற மூலை விதியை மேமே எடுத்துக்கொள்ளும். க்யூபர்ட் போல ஜாய்ஸ்டிக்கையே 45 டிகிரி திருப்பிப் பொருத்திய கேம்களும் அந்தக் கணக்கில் அடக்கம்.

எஸ்டிஎல் வழி வரும் எமுலேட்டர்கள்

தனித்து ஓடும் எமுலேட்டர்களில் பல எஸ்டிஎல்லை நம்புபவை. எஸ்டிஎல் ஒவ்வொரு பேடுக்கும் 32 எழுத்துள்ள ஜிகுயிட் (அடையாளக் குறி) ஒன்றை உருவாக்கும். அதன் தொடக்கம் 03 என்றால் யூஎஸ்பி, 05 என்றால் ப்ளூடூத். ஒரே பேட்தான், கம்பியில் ஒரு ஜிகுயிட், காற்றில் வேறொன்று. கம்பியில் அமைத்தது ப்ளூடூத்தில் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம், இரண்டு முறை அமைத்தே ஆக வேண்டும். எஸ்டிஎல் 2.26இலிருந்து பேடின் பெயரிலிருந்து கணக்கிட்ட ஒரு சிஆர்சி எண்ணும் இதற்குள் சேர்ந்தது. ஜிகுயிட்டை அப்படியே எழுதி வைத்திருந்த பழைய அமைப்புக் கோப்புகள் பொருந்தாமல் போனால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

நிண்டெண்டோ பேடுகளில் எஸ்டிஎல் 2 இயல்பாக எழுத்தைப் பார்த்தே ஏ, பி வைக்கும். எஸ்டிஎல் 3 இடத்தைப் பார்க்கும். எமுலேட்டர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிய அப்டேட்டில் ஸ்விட்ச் ப்ரோவின் ஏ, பி இடம் மாறியிருந்தால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

கேம்க்யூப் கேம்களுக்கான டால்ஃபின் எமுலேட்டரில் இரண்டு குறிப்பு மட்டும். டிவைஸ் பட்டியலில் அதே பேட் ஈவ்டெவ் என்றும் எஸ்டிஎல் என்றும் இரண்டு முறை தெரியும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள், ப்ரொஃபைல் மாற்றி ஏற்றினால் பட்டன்கள் வெறுமையாகத் தெரியும். நிண்டெண்டோவின் கேம்க்யூப் அடாப்டரை டால்ஃபின் நேராக யூஎஸ்பி வழியாகப் பேசிப் படிக்கிறது, இன்புட் அடுக்கு வழியாக அல்ல. அதனால் யூடெவ் விதி யூஎஸ்பி சாதனத்துக்கு அனுமதி கொடுப்பதாக இருக்க வேண்டும். இன்புட் விதி எழுதினால் பலனில்லை.

இரட்டை ஆட்டக்காரர்கள், இரட்டை அழுத்தங்கள்

ஒரே மாதிரி இரண்டு பேட் மாட்டினால் எது 1, எது 2 என்பது கர்னல் எதை முதலில் பார்த்தது என்பதைப் பொறுத்தது. மலிவுப் பேடுகளில் சீரியல் எண் இருக்காது. அதனால் டெவ் இன்புட்டுக்குள் இருக்கும் பை-ஐடி கோப்புறையில் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்து, ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். பை-பாத் கோப்புறை யூஎஸ்பி துளையை வைத்துப் பெயரிடுவதால் அதை நம்பலாம்.

இரண்டு பேட் மாட்டும் ஒற்றை அடாப்டர்கள் சிலவற்றில் இரண்டும் ஒரே சாதனமாகத் தெரிந்து, இரண்டு பேரும் ஒரே ஆளை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். கர்னலுக்குக் கொடுக்கும் யூஎஸ்பிஎச்ஐடி.க்வர்க்ஸ் அளவுருவில் வெண்டர், ப்ராடக்ட் எண்களோடு பதினாறடிமான 40ஐச் சேர்த்தால் அடாப்டர் இரண்டாகப் பிரியும்.

மெனுவில் ஒருமுறை கீழே அழுத்தினால் இரண்டு வரி நகர்கிறதா? ஸ்டீம் பின்னணியில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஸ்டீம் இன்புட் உங்கள் பேடைப் படித்து எக்ஸ்பாக்ஸ் 360 வடிவில் ஒரு போலிப் பேடை உருவாக்குகிறது. எமுலேட்டர் இரண்டையும் பார்க்கிறது. ஸ்டீமை மூடுங்கள், அல்லது அந்தப் பேடுக்கு ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள்.

ஃப்ளாட்பேக்காக (கணினியிலிருந்து பிரித்து அடைத்து ஓடும் பேக்கேஜ்) நிறுவிய எமுலேட்டருக்குச் சாதன அனுமதி இல்லாவிட்டால் பேடே தெரியாது. ஃப்ளாட்சீல் நிரலில் பார்த்துக் கொடுக்கலாம். யூடெவ் விதிகளை ஃப்ளாட்பேக்கால் தானே நிறுவிக்கொள்ள முடியாது, கணினியில் நாம்தான் வைக்க வேண்டும். அமைப்புக் கோப்பும் வீட்டுக் கோப்புறையில் புள்ளியோடு தொடங்கும் வார், ஆப் என்ற பாதைக்குள் இருக்கும். வழக்கமான இடத்தில் இருக்கும் கோப்பைத் திருத்திவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ப்ளூடூத்

ப்ளூடூத்சிடிஎல்லில் பேர், ட்ரஸ்ட், கனெக்ட் என்று மூன்றையும் கொடுங்கள். ட்ரஸ்ட் விட்டுப்போனால் இப்போது வேலை செய்யும், அடுத்த முறை பேடை எழுப்பும்போது தானே இணையாது. எய்ட்பிட்டூ பேடுகள் பல, அவற்றை இயக்கும்போது ஸ்டார்ட்டோடு எந்தப் பட்டனைப் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து வேறு வேறு சாதனமாகத் தோன்றும். ஒரு முறையைத் தேர்ந்துகொண்டு எப்போதும் அதிலேயே எழுப்புங்கள், இல்லையென்றால் ப்ரொஃபைல் பொருந்தாது.

டூயல்ஷாக் 3 முன்பு இணைந்து, ப்ளூஇஸட் (லினக்ஸின் ப்ளூடூத் நிரல்) அப்டேட்டுக்குப் பிறகு மறுத்தால், 2023இல் செய்த பாதுகாப்புத் திருத்தத்தின் விளைவாக இருக்கலாம். ப்ளூடூத் அமைப்புக் கோப்புறையில் இன்புட்.கான்ஃபுக்குள் க்ளாஸிக்பாண்டட்ஒன்லி என்ற வரியைப் பொய் என்று மாற்றினால் சில பதிப்புகளில் மறுபடி இணையும். அதன் விலை, அருகில் இருக்கும் எவரும் பிணைப்பு இல்லாமலேயே கீபோர்டாக நடித்து உங்கள் கணினியில் தட்டும் வாய்ப்பைத் திறந்துவிடுவது. இந்தப் பேடை யூஎஸ்பி கேபிளில் ஆடுவது மேல்.

தாமதம்

60 ஹெர்ட்ஸ் கேமில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிவிநாடி. மெதுவான யூஎஸ்பி பேடுகளைக் கர்னல் 8 முதல் 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் கேட்கும். அந்த இடைவெளியைப் பேடே சொல்கிறது. கர்னல் அளவுருவில் யூஎஸ்பிஎச்ஐடி.ஜேஎஸ்போல் மதிப்பை 1 ஆக்கினால் 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கேட்கும், பேடால் ஈடுகொடுக்க முடிந்தால். எக்ஸ்பேட் டிரைவர் இந்த அளவுருவைப் பார்ப்பதில்லை. எக்ஸ்பாக்ஸ் பேடுக்கு இதை வைத்துவிட்டு வேகம் கூடிவிட்டது என்று சொல்பவர்கள் மனப்பிராந்தியில் இருக்கிறார்கள். மாற்றம் ஏறியதா என்று தெரிய, ஈவ்டெஸ்ட்டை ஓடவிட்டு ஸ்டிக்கை வட்டமாகச் சுழற்றி, அடுத்தடுத்த வரிகளின் நேரக் குறிப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். முன்பு 8 மில்லிவிநாடி என்று இருந்தது 1, 2க்கு இறங்கியிருக்க வேண்டும். அப்படியே இருந்தால் பேடின் சிப் அவ்வளவுதான், அளவுருவை எடுத்துவிடலாம்.